தம்பி சரி செய்த லைன்

என் தம்பியைப் பற்றி யார் கேட்டாலும் அவனுக்குப் பொறுமை அதிகம் என்றுதான் சொல்வேன். பாராட்டிச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். பொறுமைசாலியோடு ஒரே வீட்டில் இருந்து பாருங்கள், அப்போது தெரியும். குழாய் சொட்டினால் மற்றவர்கள் வாஷரை மாற்றுவார்கள். இவன் முதலில் அது சொட்டுவதைப் பார்த்துக்கொண்டு உட்காருவான். "ஏன் சொட்டுதுன்னு தெரியணும்க்கா" என்பான். எனக்குத் தண்ணீர் நின்றால் போதும். ஏன் என்று தெரிந்துகொண்டு நான் என்ன பரீட்சையா எழுதப் போகிறேன்?

அவன் லிஃப்ட் மெக்கானிக். உயரமான கட்டடங்களில் லிஃப்ட் பாதி மாடியில் நின்றுபோனால் இவனைத்தான் கூப்பிடுவார்கள். கூண்டின் கூரைமேல் ஏறி நின்றுகொண்டு, கையில் டார்ச்சோடு, இருட்டுக் கிணறு போன்ற அந்த இடத்தில் மேலும் கீழும் போய்வருகிற வேலை. வீட்டுக்குள் நுழையும்போதே கிரீஸ் வாடை முன்னால் வரும், அவன் பின்னால் வருவான். இரண்டு டச் போன்களை அந்தக் கிணற்றுக்குள் தவற விட்டுவிட்டு, போதுமடா சாமி என்று பட்டன் போனுக்கு மாறிக்கொண்டான்.

நான் துணி ஆல்டர் செய்கிறவள். பேன்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, கல்யாணத்துக்கு அப்புறம் பருத்துப்போனவர்களுக்குச் சட்டையைப் பிரித்துவிடுவது. வீட்டின் முன்னறையில் ஜன்னலோரம் என் தையல் மிஷின், எதிர்ச் சுவரோரம் அவன் கம்ப்யூட்டர் மேஜை. நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்துப் போகலாம். அதனால் அவன் கம்ப்யூட்டரில் பட்ட பாடு மொத்தமும் என் முதுகுக்குப் பின்னால் நடந்ததுதான்.

அவன் பெண்டாட்டி அவனை விட்டுப் போனாள். சண்டை இல்லை, அடிதடி இல்லை, குடி இல்லை. "இவர்கிட்ட பேசினா சுவத்துகிட்ட பேசற மாதிரி இருக்கு அண்ணி. நானே கேள்வி கேட்டு நானே பதிலும் சொல்லிக்கறேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள். நியாயத்தைச் சொல்ல வேண்டும், அவள் சொன்னதில் பொய் இல்லை. கெட்டவளும் இல்லை. வேறு நாட்டில் வேலை கிடைத்தது, பெண்ணையும் அழைத்துக்கொண்டு போனாள். குழந்தை அப்போது பள்ளிக்கூடமே சேரவில்லை. வீட்டில் அவளுக்குப் பேர் வாலு. ஒரு நிமிடம் சும்மா இருக்க மாட்டாள். என் ஊசிப்பெட்டியை எத்தனை உயரத்தில் வைத்தாலும் எட்டிவிடுவாள். இந்த வாயில்லாப் பூச்சிக்கு அப்படி ஒரு வாயாடி எப்படிப் பிறந்தாள் என்று நாங்கள் சிரிப்போம். அவள் இருந்தவரை அவனும் பேசுகிற மாதிரிதான் இருந்தது. உண்மையில் அவள்தான் பேசுவாள், அவன் "அப்புறம்?" என்பான். அதிலேயே அவளுக்குப் பொழுது போய்விடும்.

போன பிறகு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீடியோவில் பேசுவது என்று ஏற்பாடு. வாரம் முழுக்க இவன் அதற்காகத்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். எங்கள் வீடு நாலு பக்கமும் உயரமான கட்டடங்கள் சூழ்ந்த கீழ்த்தளம். என் போனில் சிக்னல் வேண்டுமென்றால் தெருவில் போய் நிற்க வேண்டும். தெருவில் நின்று பேசினால் லாரி சத்தத்தில் குழந்தைக்கு ஒன்றும் கேட்காது. அதனால் கம்ப்யூட்டர், அதற்கு ஒரு இன்டர்நெட் இணைப்பு. ஒரு ஆபீசில் லிஃப்ட் பார்க்கப் போனபோது அவர்கள் கழித்துப் போட்ட பெட்டி அது. பழசு, விண்டோஸ் போட்டால் மூச்சு வாங்கும் என்று அங்கே இருந்த ஒருவர் அதற்குப் பதிலாக லினக்ஸ் போட்டுக் கொடுத்தார். இவனுக்கு அது பிடித்துப்போனது. "இது மூடியைத் திறந்து உள்ளே பாக்க விடுதுக்கா" என்றான். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாகத் தட்டிக்கொண்டே இருப்பான். எனக்கு அது ஆஸ்பத்திரி ரிப்போர்ட் மாதிரி இருக்கும்.

ஆரம்பத்தில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. மழைக்காலம் வந்ததும் பிடித்தது சனியன். பேசிக்கொண்டிருக்கும்போதே அறுந்துபோகும். திரும்பக் கூப்பிட்டால் வாலு வேறு எங்கோ ஓடியிருப்பாள். அவள் அம்மா அவளைத் தேடிப் பிடித்து உட்கார வைப்பதற்குள் மறுபடி அறுந்துவிடும். இவன் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தான். லினக்ஸ்காரர்கள் ஒருவரை ஒருவர் கேட்டுத் தெரிந்துகொள்கிற இணையதளங்கள் இருக்கின்றனவாம், அவற்றையெல்லாம் படித்தான், என்னவோ தட்டினான். அதற்கப்புறம் அறுந்துபோவது குறைந்தது. படம் மட்டும் மங்கலாக, திக்கித் திக்கி வந்தது. "இப்போதைக்கு இது போதும். லைன்ல ஈரம் ஏறியிருக்கு. கம்பெனிக்காரன் வந்து மாத்தட்டும்" என்றான்.

கம்பெனிக்காரன் உடனே வந்துவிடுவானா? கெஞ்சிக் கூத்தாடிய பிறகு ஒருவழியாக வந்தார்கள். ஏணி போட்டு ஏறி, கம்பத்திலிருந்து வீடு வரைக்கும் கேபிளைப் புதுசாக இழுத்தார்கள். பழைய கேபிளின் இணைப்பைத் திறந்தபோது உள்ளே தண்ணீர் நின்றதை இவனும் போய்ப் பார்த்தான். காரணம் கிடைத்துவிட்ட சந்தோஷம் அவன் முகத்தில். அந்த ஞாயிறு தலையைக்கூட எண்ணெய் வைத்து வாரிக்கொண்டு உட்கார்ந்தான்.

படம் அதே மாதிரி திக்கியது.

அதற்கப்புறம்தான் என் உயிரை வாங்க ஆரம்பித்தான். கம்ப்யூட்டருக்கும் மோடத்துக்கும் நடுவில் இருக்கிற வயரை மாற்றினான். மாற்றிய வயரை மறுபடி மாற்றினான். மோடத்தை என் மிஷின் பக்கம் நகர்த்தினான், மிஷின் மோட்டாரால் தொந்தரவோ என்று சந்தேகப்பட்டு மறுபடி அந்தப் பக்கம் கொண்டுபோனான். கம்ப்யூட்டருக்குள் நெட்வொர்க் கார்டு என்று ஒன்று இருக்கிறதாம், அதைக் கழற்றித் துடைத்து மாட்டினான். வெப்சைட் பெயரைத் தேடிக் கொடுக்கிற சர்வரை மாற்றினேன் என்றான், கார்டை இயக்குகிற டிரைவர் சாஃப்ட்வேரை மாற்றினேன் என்றான். ஒவ்வொன்றுக்கும் பிறகு வேகத்தை அளந்து பார்ப்பான். கம்பெனி தருவதாகச் சொன்ன வேகத்தில் பத்தில் ஒரு பங்குகூட வரவில்லை. ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும்தான் மாற்றுவான், அளப்பான், யோசிப்பான். லிஃப்டில் அப்படித்தானாம். இரண்டை ஒன்றாக மாற்றினால் எதனால் சரியானது என்று தெரியாதாம்.

"எல்லாத்தையும் அழிச்சுட்டு முதல்லேர்ந்து போடேன்டா! கம்ப்யூட்டர் தெரிஞ்சவங்க எல்லாம் அப்படித்தானே செய்யறாங்க?" என்று கத்தினேன்.

"காரணம் தெரியாம மாத்தினா அது திரும்பவும் வரும்க்கா."

"வரட்டுமேடா! வர்ற வரைக்கும் குழந்தை முகத்தைப் பாக்கலாம்ல?"

கையிலிருந்த வயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். சுவர்தான். விட்டுப் போனவளைக் குற்றம் சொல்லி என்ன பிரயோசனம்!

கம்பெனிக்குப் போன் செய்வது ஒரு தனிக் கூத்து. ஸ்பீக்கரில் போட்டு வைப்பான், பாட்டு ஓடும், நான் ஒரு பேன்டே தைத்து முடித்துவிடுவேன். பிறகு ஒரு பெண் வந்து தேன் ஒழுகப் பேசுவாள்.

"சார், ஸ்டார்ட் பட்டனை அழுத்துங்க. என்ன தெரியுது?"

"ஸ்டார்ட் பட்டன் இல்லைங்க. இது லினக்ஸ்."

"என்னது சார்?"

"லினக்ஸ்."

கொஞ்ச நேரம் பாட்டு. திரும்பி வந்து, "சார், அதுக்கு நாங்க சப்போர்ட் பண்றதில்லை. விண்டோஸ் கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்துட்டுக் கூப்பிடுங்க" என்பாள்.

"தண்ணி வரலைன்னா, பக்கெட் என்ன கலருன்னா பாக்கறதுங்க?" என்று இவன் கேட்டான். தம்பி கோபமாகப் பேசி நான் கேட்டது அந்த ஒருமுறைதான். அதிலும் கடைசியில் ஒரு "ங்க" போட்டான். லினக்ஸை யாராவது குறை சொன்னால் பெற்ற பிள்ளையைச் சொன்ன மாதிரி அவனுக்குச் சுருக்கென்று தைக்கும்.

பெற்ற பிள்ளை அந்தப் பக்கம் வளர்ந்துகொண்டிருந்தாள், இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. வரைந்த படத்தைத் தூக்கிக் காட்டுவாள், திரையில் பாதிக் காகிதத்தோடு உறைந்து நிற்கும். இவன் "அழகா இருக்கு, அழகா இருக்கு" என்பான். படம் நகரும்போது அவள் காகிதத்தை எப்போதோ கீழே போட்டுவிட்டு விரலைக் கடித்துக்கொண்டு இருப்பாள். அவள் சொன்ன ஜோக்குக்கு இவன் சிரிப்பது அவளுக்குப் போய்ச் சேரும்போது அவள் வேறு எதையோ சொல்லிக்கொண்டிருப்பாள். "ஏன்ப்பா சிரிக்கறீங்க?" என்று முகத்தைச் சுருக்கிக்கொண்டு கேட்பாள். மிஷினை நிறுத்திவிட்டுத் துணியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். போகப் போக அவர்கள் பேசியதே இரண்டு வார்த்தைதான். "கேக்குதா?" "கேக்குது. தெரியறேனா?" "தெரியலை. இப்ப?" இதிலேயே நேரம் முடிந்துவிடும். அவன் அதைக்கூடச் சந்தோஷமாகச் செய்தான். லைன் மட்டும் சரியாகட்டும், மறுபடியும் பழையபடி வாய் ஓயாமல் பேசுவாள் என்று என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தான். நானும் நம்பினேன். நம்பாமல் என்ன செய்வது?

அப்போதுதான் அவள் அம்மாவிடமிருந்து என் போனுக்கு மெசேஜ் வந்தது. அவனிடம் சொல்லத் தயங்கி எனக்கு அனுப்பியிருந்தாள். தெருவில் நின்று படித்தேன். படம் நின்று நின்று வருவதால் குழந்தை உட்கார மாட்டேன் என்று அழுகிறாள், வாராவாரம் அவளோடு மல்லுக்கட்ட முடியவில்லை, இனிமேல் மாதம் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம், லைன் சரியானால் மறுபடி யோசிக்கலாம் என்று எழுதியிருந்தாள். உள்ளே போய் அவனிடம் சொன்னேன். கையில் ஸ்க்ரூ டிரைவரோடு அப்படியே நின்றான். முகத்தில் ஈயாடவில்லை. மாதம் ஒருமுறை என்பது எங்கே போய் நிற்கும் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும்.

"லைன் சரியானா யோசிக்கலாம்னுதானே சொல்றா?" என்றான்.

"ஆமா."

"சரி பண்ணிடறேன்."

மறுபடி கம்பெனிக்குப் போன். இந்தத் தடவை நானே வாங்கிப் பேசினேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டேன். ஆள் அனுப்பினார்கள். வந்தது ஒரு பெண், தோளில் பை, இடுப்பில் டூல் பெல்ட், வேலையில் கெட்டி. மோடத்திலிருந்து தம்பியின் வயரைக் கழற்றிவிட்டுத் தன் லேப்டாப்பைச் சொருகினாள். வேகத்தை அளந்தாள். திரையை எங்கள் பக்கம் திருப்பினாள்.

கம்பெனி சொன்ன வேகம் முழுசாக வந்தது. கொஞ்சம் கூடவே வந்தது.

"அண்ணே, லைன் சுத்தமா இருக்கு. கேபிள் மாத்தினதுலேர்ந்தே இப்படித்தான் இருந்திருக்கும். உங்க பெட்டிக்குள்ளதான் ஏதோ இருக்கு" என்று சொல்லிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள். அவளிடம் சண்டை போட ஒன்றுமே இல்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

தம்பி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். இத்தனை நாளும் வெளியிலிருந்து உள்ளே தேடிக்கொண்டு வந்தவன், முதல் முறையாக உள்ளேயிருந்து வெளியே தேடினான் போலிருக்கிறது. கம்ப்யூட்டர் போட்டதும் தானாக ஓடுகிறவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டே வந்தான். நான் ஒரு ஜிப்பைப் பிரித்துக்கொண்டிருந்தேன். சட்டென்று தட்டுகிற சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தால் இரண்டு கையையும் மேஜைமேல் வைத்துக்கொண்டு சிலையாக உட்கார்ந்திருந்தான்.

"என்னடா?"

"மெதுவா ஓட்டற சுவிட்சை நான்தான்க்கா போட்டு வச்சிருக்கேன்."

எனக்குப் புரியவில்லை. அவன் விளக்கினான். லிஃப்டில் கோளாறு தேடும்போது அதை வழக்கமான வேகத்தில் ஓட்டமாட்டார்களாம். கூண்டின் மேல் ஒரு சுவிட்ச் இருக்கும், அதைப் போட்டால் லிஃப்ட் ஊர்ந்துதான் போகும். பழுது சரியான பிறகு அதை எடுத்துவிட வேண்டும். யார் போட்டார்களோ அவர் பேர் எழுதிய சிவப்பு அட்டையை அதில் மாட்டுவார்கள், அவரேதான் வந்து கழற்ற வேண்டும். மழைக்காலத்தில் லைன் அறுந்து அறுந்து போனபோது, லினக்ஸில் வேகத்துக்குக் கடிவாளம் போடுகிற ஒரு கட்டளை இருப்பதை இவன் எங்கோ படித்திருக்கிறான். லைன் தாங்குவதைவிடக் கொஞ்சம் குறைத்துவைத்தால் பேச்சு அறுந்துபோகாது என்று அங்கே சொல்லியிருந்தார்கள். கொஞ்சம் என்றால் இவனுக்குக் கேட்குமா? லிஃப்ட் புத்தி. ஊர்கிற வேகத்துக்கு இறக்கிவிட்டான். கம்ப்யூட்டரை எப்போது போட்டாலும் அந்தக் கடிவாளம் தானாக விழுகிற மாதிரி எழுதியும் வைத்தான். கேபிளை மாற்றிய அன்றைக்கு அதை எடுத்திருக்க வேண்டும். மறந்துபோனான்.

"அங்க அட்டை மாட்டுவோம்க்கா. இதுல எங்க மாட்டறது?" என்றான்.

திட்டுவதற்கு வாய் துறுதுறுத்தது. வேறு யாராவதாக இருந்தால் அன்றைக்கே பெட்டியை எடுத்துத் தெருவில் வைத்திருப்பார்கள், புதுசாக எல்லாம் போட்டிருப்பார்கள், கடிவாளமும் அதோடு போயிருக்கும். காரணம் காரணம் என்று இவன் கட்டிக்கொண்டு அழுததால்தான் அது அங்கேயே பத்திரமாக இருந்தது. குழந்தை திக்கித் திக்கி வளர்ந்த அத்தனை ஞாயிற்றுக்கிழமையும் இவன் கையாலேயே போனது. இதையெல்லாம் நான் சொல்லவில்லை. அவனே ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தான். நான் போய் அவன் தலையில் கையை வைத்தேன். கிரீஸ் பிசுக்கு. "விடுடா. இப்ப கிடைச்சுடுச்சுல்ல" என்றேன்.

கடிவாளத்தை எடுத்துவிட்டு அளந்தான். முழு வேகம். தெருவுக்குப் போய் நான்தான் வாலுவின் அம்மாவுக்கு மெசேஜ் அனுப்பினேன். லைன் சரியாகிவிட்டது, சத்தியமாகச் சரியாகிவிட்டது, இந்த ஞாயிறு ஒருமுறை பார், பிறகு நீயே சொல் என்று எழுதினேன். சரி அண்ணி என்று பதில் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை நான் இஸ்திரி போட்டு வைத்த சட்டையைப் போட்டுக்கொண்டான். நகத்து அழுக்கைப் பழைய பிரஷ்ஷால் தேய்த்தான். நான் மிஷினை நிறுத்திவிட்டு, படத்தில் விழாத மாதிரி ஓரமாக உட்கார்ந்துகொண்டேன். கம்ப்யூட்டரில் மணி அடித்தது. வாலு வந்தாள்.

கடவுளே, எவ்வளவு தெளிவு! பக்கத்து அறையில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தாள். முன்பல் விழுந்து புதுப்பல் முளைத்திருந்தது. எப்போது விழுந்தது என்று எங்களுக்குத் தெரியாது. முடியைக் கழுத்துவரை வெட்டியிருந்தார்கள். கன்னத்துச் சதை எல்லாம் போய், பெரிய பெண்ணின் முகம் ஒன்று உள்ளேயிருந்து எட்டிப்பார்த்தது. தம்பி வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டே இருந்தான்.

"கேக்குதா?" என்றான்.

"கேக்குது."

"தெரியறேனா?"

"தெரியறீங்க."

அவ்வளவுதான். அத்தனை நாள் பேசியதெல்லாம் அந்த இரண்டு கேள்வியில் தீர்ந்துபோனது. "சாப்ட்டியாம்மா?" என்றான். "ம்" என்றாள். "ஸ்கூல் எப்படி இருக்கு?" "நல்லா இருக்கு." "ஃப்ரெண்ட்ஸ் எல்லாம்?" "இருக்காங்க." அப்புறம் அவன் "அப்புறம்?" என்றான். அந்த ஒரு வார்த்தைக்கு முன்பெல்லாம் ஒரு மணி நேரம் பேசுவாள். இப்போது தோளைக் குலுக்கினாள். மரியாதையாகச் சிரித்தாள். பக்கத்து வீட்டு ஆளைப் பார்த்துச் சிரிப்பார்களே, அப்படி. அவன் திரையை நோக்கிக் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்தான். "படம் ஏதாவது வரைஞ்சியா?" "இப்பல்லாம் வரையறதில்லைப்பா." அவள் கண் ஓரமாகப் போய்விட்டு வந்தது. மறுபடி போனது. எல்லாம் தெரிந்தது, கண் எந்தப் பக்கம் போகிறது என்பதுகூட.

எனக்கு எழுந்து போய் நடுவில் நுழையலாமா என்றிருந்தது. அத்தைடீ என்று ஏதாவது கோமாளித்தனம் செய்யலாமா? உடம்பு எழவில்லை.

அவள் முகத்தைத் திருப்பி, பக்கத்தில் எங்கள் கண்ணுக்குத் தெரியாமல் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் கிசுகிசுத்தாள். லைன் மோசமாக இருந்த நாளில் கிசுகிசுத்தால் இங்கே ஒன்றும் கேட்டிருக்காது. அந்தப் பழக்கத்தில்தான் பேசினார்கள் பாவம், அவர்கள் மேல் குற்றம் இல்லை.

"இன்னும் எவ்ளோ நேரம்மா உக்காரணும்?"

"கொஞ்ச நேரம்தான்டா செல்லம். அப்பா பாவம்ல?"

தம்பி அசையவில்லை. நான் மடியிலிருந்த துணியைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அவன் கண்ணைத் துடைக்கவில்லை, குரல் உடையவில்லை. லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களோடு வெளியிலிருந்து பேசுவானே, பயப்படாதீங்க என்று, அந்தக் குரலில் பேசினான்.

"வாலு... கேக்குதா? படம் நிக்குதும்மா."

"எனக்கு நல்லாத் தெரியுதேப்பா."

"இங்க நிக்குது. லைன் மறுபடி போச்சு போல. நீ போய் விளையாடும்மா. அப்பா சரி பண்ணிட்டுக் கூப்பிடறேன்."

அப்போது சிரித்தாள் பாருங்கள், அதுதான் எங்கள் வாலுவின் சிரிப்பு. புதுப்பல் முழுக்கத் தெரிந்தது. "பைப்பா!" என்று நாற்காலியிலிருந்து குதித்து ஓடினாள். நாற்காலி காலியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் அம்மாவின் கை வந்து நிறுத்துகிற வரைக்கும் அவன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

கம்ப்யூட்டரை அவன் அணைத்த பிறகு, "படம் நல்லாத்தானேடா இருந்துச்சு" என்றேன்.

"ஆமாக்கா" என்றான். "ரொம்ப நல்லா இருந்துச்சு."